ஜி.ஓ.வும் ஒரு கொக்கியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். ஜி.ஓ. என்பதற்கு ஆங்கிலத்தில் பன்மை எழுத, மேலே ஒரு கொக்கி போட்டு எஸ் சேர்ப்பார் எங்கள் மேலாளர். அந்த அபாஸ்ட்ரபியை நான் அடித்துவிட்டேன். பிரெஞ்சில் 'லா எக்கோல்' 'லெக்கோல்' ஆகும்போது ஓர் எழுத்து விழுகிறது, அங்கேதான் கொக்கி. பன்மைக்கு ஏது? மனிதர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஓய்வு பெற்று கான்சாபுரம் வந்தபின் படித்துப் பார்த்தால், 18-ஆம் நூற்றாண்டில் கமா, ஒபேரா போன்ற சொற்களுக்கே ஆங்கிலேயர் கொக்கி போட்டுத்தான் பன்மை எழுதியிருக்கிறார்கள். இன்று அது பிழை. புள்ளி வைத்த சுருக்கங்களுக்கு எங்கள் காலத்திலும் வழக்கில் இருந்தது.

தனி எழுத்துக்கு இன்றும் உண்டு. பிரெஞ்சில் முன்னால் 'லே' வந்தாலே பன்மை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. 'ஐ'யோடு எஸ்ஸை ஒட்டினால் 'இஸ்' ஆகிவிடுமே!

மேலாளர் இப்போது இல்லை.