மற்களத்தின் சாட்சிகள்

மற்போர் காணக் கூடியிருக்கும் மக்கள் எதனைக் காண்கிறார்கள்? இரண்டு உடல்கள் மோதுவதைக் காண்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் விடை முடிந்துவிடாது. களம் கலைந்து வீடு திரும்பும் வழியெல்லாம், "நல்ல குஸ்தி" என்று ஒருவரும், "இதுவும் ஒரு குஸ்தியா?" என்று மற்றொருவரும் வாதிட்டுக்கொண்டே செல்கின்றனர். வென்றவன் யார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததே. அது மட்டுமே அளவுகோலானால் அங்கே வாதத்திற்கு இடமேது? ஆகவே வெற்றிக்கும் தோல்விக்கும் அப்பால் வேறொன்றை அம்மக்கள் நிறுத்துப் பார்க்கிறார்கள் என்பது தெளிவு. அது யாது என்பதை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகப் புகழ் பெற்றிருந்த இரு மல்லர்களின் வரலாற்றை முன்னிறுத்தி இங்கு ஆராய முற்படுகிறோம்.

சொல்லும் பொருளும்

நாம் நாள்தோறும் வழங்கும் 'குஸ்தி', 'பயில்வான்' ஆகிய இரு சொற்களும் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. 'குஷ்தீ' என்பதும் 'பஹ்லவான்' என்பதும் அவற்றின் மூலம். அம்மொழியின் பெருங்காப்பியமாகிய ஷாநாமாவில் பிர்தவ்ஸீ பாடிய ருஸ்தம் – சுஹ்ராப் வரலாறு ஒரு மற்போரின் வரலாறேயாகும். இளைஞன் சுஹ்ராப் ருஸ்தமைக் கீழே தள்ளி மார்பின்மீது அமர்கிறான். முதல் வீழ்ச்சியிலேயே உயிரைப் பறிப்பது எங்கள் வழக்கமன்று என்று ருஸ்தம் சொல்ல, அதை நம்பி அவன் விட்டுவிடுகிறான். மறுமுறை சுஹ்ராப் வீழ்ந்தபோது, தான் சொன்ன வழக்கத்தை ருஸ்தமே மதிக்கவில்லை. வாளை உருவி நெஞ்சைப் பிளந்துவிடுகிறான். பிளந்தது தன் மகனின் நெஞ்சு என்பது பிறகே அவனுக்குத் தெரிகிறது. வென்றவன் ருஸ்தம்தான். எனினும் ஆயிரம் ஆண்டுகளாக இக்கதையைக் கேட்டு வருவோர் அந்த வெற்றிக்காகக் கண்ணீர் வடிக்கிறார்களேயன்றிக் கைதட்டுவதில்லை.

அரபு மொழியில் மற்போருக்கு 'முஸாரஆ' என்று பெயர். ருகானா என்னும் மல்லரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று திர்மிதீ இமாம் அவர்களே குறித்துமிருக்கிறார்கள். உஹதுக் களத்திற்குப் படை புறப்பட்ட வேளையில் நடந்ததாக வரலாற்று நூலார் கூறும் நிகழ்ச்சி இன்னும் சுவையானது. வயது போதாதென்று சிறுவர் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். அம்பெய்வதில் வல்லவர் என்பதால் ராஃபிஉ இப்னு கதீஜுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. உடனே ஸமுரா இப்னு ஜுன்துப், மற்போரில் ராஃபிஉவைத் தாம் வீழ்த்திவிடக் கூடியவர் என்று முறையிட்டார். இருவரும் பொருதனர், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே மற்போர் வேடிக்கையாக நிகழவில்லை. ஒருவரின் வலிமைக்கு எல்லோர் முன்னிலையிலும் அளிக்கப்பட்ட சான்றாக நிகழ்ந்தது.

'சாட்சி' என்பதற்குரிய அரபுச் சொல் 'ஷாஹித்'. 'பார்வையாளர்' என்பதற்குரிய சொல் 'முஷாஹித்'. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மற்களத்தைச் சுற்றி அமர்ந்திருப்போரின் நிலையை இதனினும் தெளிவாக விளக்கும் சொற்கள் வேறு இல்லையெனலாம்.

தமிழ் மண்ணிலும் இச்சாட்சிகள் இருந்தனர். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூறு பேசுகிறது. சாத்தந்தையார் என்னும் புலவர், ஒரு கால் எங்கே ஊன்றியது, மறுகால் எங்கே வளைத்தது என்று பிடியின் நுட்பத்தையே பாடலாக்கியுள்ளார். நக்கண்ணையார் பாடிய 85-ஆம் பாட்டிலோ பார்வையாளரின் பூசலே பேசப்படுகிறது. வெற்றி அவனுடையதே என்கிறார்கள் ஒரு சாரார். அன்று என்கிறார்கள் மற்றொரு சாரார். அவளோ தன் வீட்டருகே பனைமரத்தில் சாய்ந்து நின்றபடி அவனது வெற்றியைக் கண்டதாகச் சொல்கிறாள். குஸ்தி பார்த்தோரின் வாதம் இந்நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

களம் அறிந்தோர் பார்வை

வட இந்தியாவில் 'டங்கல்' எனப்படும் குஸ்திப் போட்டிகளைக் காணவரும் முதியோர் சில அளவைகளைக் கைக்கொண்டிருந்தனர். முதலாவது சோடிப் பொருத்தம். சமமானவர் இருவர் பொருதாலன்றி அது குஸ்தியாகாது. இரண்டாவது, 'தாவ்' எனப்படும் பிடியும், 'தோட்' எனப்படும் மாற்றுப் பிடியும். வண்ணான் துறையில் துணியைத் தோளுக்கு மேலாகச் சுழற்றிக் கல்லில் அறைவதுபோல் எதிரியைத் தோள்வழியே எறியும் பிடிக்குத் 'தோபி பாட்' என்று பெயர். புதியவன் அந்த எறிதலை மட்டும் காண்பான். பழகியவன், அப்பிடி வருமுன்பே அதை உணர்ந்து இடுப்பைத் தாழ்த்திக்கொண்ட மற்றவனின் சமயோசிதத்தைக் கண்டு தலையசைப்பான். மூன்றாவது, ஐயத்திற்கிடமில்லாத முடிவு. முதுகு மண்ணில் படவேண்டும். முடிவு காணாதபோது இருவரும் 'பராபர்', அதாவது சமம், என்று பிரிவர். நான்காவது நேர்மை. முன்னரே பேசிவைத்துக்கொண்டு பொருவதற்குப் பஞ்சாப் மக்கள் 'நூரா குஷ்தி' என்று பெயரிட்டு இகழ்ந்தனர். இன்று பாகிஸ்தானில் அரசியல்வாதிகளின் போலிச் சண்டைகளையும் அப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

இத்தகைய சாட்சிகளின் நடுவே வளர்ந்தவர்தாம் 'காமா' என்று உலகம் அறிந்த குலாம் முஹம்மத். 1878-இல், அமிர்தசரஸ் வட்டாரத்தில், மல்லர் மரபில் வந்த காஷ்மீரி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1888-இல் ஜோத்பூரில் நடந்த உடற்பயிற்சிப் போட்டியில் நானூற்றுக்கும் மேற்பட்ட மல்லர்களோடு தாமும் பஸ்கி எடுத்து, இறுதிவரை நின்ற பதினைவருள் ஒருவராக விளங்கினார் என்றும், பத்து வயதுப் பாலகன் என்பதால் மன்னர் அவரையே வென்றவராக அறிவித்தார் என்றும் கூறுவர். குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்ஷ் ஏறத்தாழ ஏழடி உயரம் கொண்டவர். அவரோடு காமா பொருத முதற்போர் நெடுநேரம் நீண்டு சமமாகவே முடிந்தது. ஆயினும் அதைக் குறைவான குஸ்தி என்று எவரும் சொல்லவில்லை. காமாவின் புகழ் அதனால் வளரவே செய்தது. இருவரும் வெல்ல முயன்று முடியாமற்போன சமம் அது.

இலண்டனில் இரண்டரை மணி நேரம்

1910-இல் காமா தம் இளவல் இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். அந்நகரின் மற்போர் அப்போது நாடகக் கொட்டகைகளின் பிடியில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஹக்கன்ஷ்மிட் என்னும் மாமல்லர் அங்கே எவரையும் விரைவில் வீழ்த்தி வந்தார். அவருடைய போட்டிகளை நடத்திய காக்ரன், இவ்வாறு வென்றால் பார்ப்போருக்குச் சுவை இராது என்றும், போரை நீட்டி வேடிக்கை காட்ட வேண்டும் என்றும் அவரை இணங்கவைத்தார். ஆயினும் 1904 ஜனவரி 30-ஆம் நாள் துருக்கி மல்லர் அஹ்மத் மத்ராலியுடன் நடந்த போர் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. தூக்கி எறியப்பட்ட மத்ராலியின் கை பழுதுற்றது. பணம் கொடுத்துப் பெருந்திரளாய் வந்தவர்களுக்கு இருக்கையில் சாய்ந்து அமரக்கூட நேரம் கிடைக்கவில்லை. கொடுத்த காசுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கணக்கிடும் புதிய அளவுகோல் ஒன்று அக்கொட்டகைகளில் பிறந்துவிட்டிருந்தது.

உயரம் போதாதென்று முதலில் ஒதுக்கப்பட்ட காமா, அறைகூவல் விடுத்து, அமெரிக்க மல்லர் ரோலரைச் சில நிமிடங்களில் இருமுறை வீழ்த்திய பின்னரே மதிக்கப்பட்டார். செப்டம்பர் 10-ஆம் நாள், ஷெப்பர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கில், போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். பரிசு 250 பவுனும் 'ஜான் புல்' கச்சையும். ஸ்பிஸ்கோ காமாவினும் மிகுந்த எடை கொண்டவர். ஐரோப்பாவின் முன்னணி மல்லருள் ஒருவர். போர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அதன்பின் அவர் எழ முயலவில்லை. விரிப்போடு விரிப்பாகக் குப்புறப் படுத்துக் கைகால்களை ஊன்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேல் காமா இழுத்தும் புரட்டியும் பார்த்தார். முதுகு தரையில் படவில்லை. போர் முடிவின்றி நிறுத்தப்பட்டது. பார்த்தோர் சலித்தனர், பத்திரிகைகள் குறை கூறின. மறுபோருக்குக் குறித்த செப்டம்பர் 17-ஆம் நாள் ஸ்பிஸ்கோ வரவில்லை. கச்சை காமாவுக்கு வழங்கப்பட்டது.

இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பிஸ்கோ விதி எதனையும் மீறவில்லை. குப்புறப் படுப்பது தோல்வியென்று அங்கே விதியில்லை. தம்மினும் வல்லவரிடம் முதுகு படாமல் அத்துணை நேரம் தாங்குவதும் எளிய செயலன்று. மத்ரஸாக்களில், ஃபத்வாவின்படி ஆகுமானது, தக்வாவின்படி தகாதது என்று ஒரு பாகுபாடு செய்வதுண்டு. அன்று நடுவர் ஃபத்வாவைப் பார்த்தார். மக்கள் தக்வாவைப் பார்த்தனர். வெல்வதற்கு ஒருவர் மட்டுமே முயன்ற போர் அது என்பதே அவர்களின் குறை. ரஹீம் பக்ஷுடன் பெற்ற சமத்திற்கும் ஸ்பிஸ்கோவுடன் பெற்ற சமத்திற்கும் இடையே உள்ள தொலைவு இதுதான்.

விலைக்கு வந்த வெற்றிகள்

அதன்பின் ஸ்பிஸ்கோ அமெரிக்கா சென்றார். 1921-இல் உலகப் பட்டமும் பெற்றார். அங்கே முடிவுகளை ஏற்பாட்டாளர்களே எழுதிவைக்கும் காலம் வந்துவிட்டது. வெய்ன் மன் என்ற பெருத்த உடல்கொண்ட கால்பந்து ஆட்டக்காரரை, அவருக்கு மற்கலை சரியாகத் தெரியாதபோதிலும், மக்களைக் கவர்வார் என்பதற்காக 1925 ஜனவரியில் 'உலக வீரர்' ஆக்கினர். அவருடைய மதிப்பை உயர்த்த, ஸ்பிஸ்கோ அவரிடம் தோற்பது என்று பேசிவைக்கப்பட்டது. ஏப்ரல் 15-ஆம் நாள் பிலடெல்பியாவில் களமிறங்கிய ஸ்பிஸ்கோ, பேச்சை மீறி உண்மையாகவே பொருது மன்னை வீழ்த்தினார். பார்ப்போர் மெய்யான மற்போர் ஒன்றை எதிர்பாராமல் கண்டனர். ஆனால் அந்த மெய்யும் விலைபேசி வாங்கப்பட்ட மெய்யே. போட்டி ஏற்பாட்டாளர்களுடன் கூடிச் செய்த சூழ்ச்சி அது. ஆறு வாரங்கள் கழித்து, அவர்கள் விரும்பியபடியே ஜோ ஸ்டெச்சரிடம் பட்டத்தைத் தோற்றுக் கொடுத்தார்.

உண்மையும் பொய்யும் இவ்வாறு ஒரே கடையில் விற்கப்படும்போது, பார்வையாளன் சாட்சி என்னும் நிலையை இழந்து வெறும் வாடிக்கையாளன் ஆகிறான். அவனிடம் கேட்கப்படுவது கட்டணம் மட்டுமே, தீர்ப்பு கேட்கப்படுவதில்லை.

பாட்டியாலாவில் ஒரு நிமிடம்

1928 ஜனவரியில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அதே இருவரையும் மீண்டும் களத்தில் நிறுத்தினார். காமாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிஸ்கோவுக்கு 48. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தீராமற்போன வழக்கின் தீர்ப்பைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். ஒரு நிமிடம் முடியுமுன்னரே ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டுவிட்டது.

மத்ராலி வீழ்ந்ததும் ஒரு நிமிடத்திற்குள்தான். இதுவும் ஒரு நிமிடத்திற்குள்தான். ஆனால் பாட்டியாலாவில் யாரும் காசுக்கும் நிமிடத்திற்கும் கணக்குப் பார்த்ததாகச் செய்தியில்லை. அவர்கள் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த முடிவை அந்த ஒரு நிமிடம் தந்தது. நல்ல மற்போருக்கு நீளமும் அளவன்று, குறுக்கமும் அளவன்று. இருவரும் வெல்லவே இறங்கினார்களா, முடிவு களத்தில் பிறந்ததா என்பவையே அளவு. தோற்றவருக்கும் அதில் பெருமையுண்டு. கடல் கடந்து, காமாவின் மண்ணுக்கே, அவருடைய மக்கள் முன்னிலைக்கே வந்து நின்றதால், 1910-இல் தாம் வைத்த கடனை ஸ்பிஸ்கோ அன்று தீர்த்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

பிற்காலத்தில், 1950-இல் வெளிவந்த 'நைட் அண்ட் தி சிட்டி' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் அவரே நடித்தார். போலி மற்போரை வெறுத்து, பழைய மற்கலையின் மானத்தைக் காக்க முனையும் ஒரு முதிய மல்லர் வேடம் அது. அவருடைய வாழ்வை அறிந்தோருக்கு அந்த வேடத்தின் பொருள் நன்கு விளங்கும். 1967-இல் அவர் அமெரிக்காவில் மறைந்தார்.

காமாவின் இறுதிக் காலம் எளிதாக இருக்கவில்லை. மல்லர்களைப் புரந்த சமஸ்தானங்கள் மறைந்தன. நாடு பிரிந்தபோது அவர் லாகூரில் வாழ்ந்தார். 1947-இன் கலவர நாள்களில், மோஹ்னி சாலைப் பகுதியிலிருந்த இந்துக் குடும்பங்களுக்கு அரணாகத் தம் மல்லர்களுடன் அவர் நின்றார் என்று அவருடைய வாழ்வை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நோயும் வறுமையும் வருத்த, 1960 மே 23-ஆம் நாள் லாகூரிலேயே இறையடி சேர்ந்தார்.

பிறரை வீழ்த்துபவன் வலியவனல்லன், சினம் மூளும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வலியவன் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அங்கே வீழ்த்துபவனைக் குறிக்கும் 'ஸுரஆ' என்ற சொல், மற்போரைக் குறிக்கும் சொல்லின் வேரிலேயே பிறந்தது. நாடெங்கும் சினம் மூண்டெரிந்த 1947-இல் காமா அண்டை வீட்டார் வாசலில் நின்ற நிலையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சீட்டு வாங்கி அமர்ந்த பார்வையாளர் எவருமில்லை, காப்பாற்றப்பட்டோரே சாட்சிகள்.

இன்று நம் இளைஞர்கள் எத்தனையோ போட்டிகளைக் கண்டு வாதிடுகின்றனர். வாதிடட்டும், அது நக்கண்ணையார் காலத்து வழக்கம். யார் வென்றார் என்று கேட்பதோடு, எப்படி வென்றார் என்றும் அவர்கள் கேட்டுப் பழகவேண்டும். களத்தில் அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் கடைத்தெருவிலும் தேர்தலிலும் நூரா குஷ்தியை இனங்கண்டுகொள்வான்.