மீட்பு வாகன மாதிரிகள்: உப்பும் துருவும்

மீட்பு வாகன மாதிரி என்பது, போர்க்களத்தில் பழுதாகி நின்ற, சேற்றில் புதைந்த, அடிபட்டுக் கவிழ்ந்த தாங்கிகளையும் லொறிகளையும் இழுத்துவரும் இராணுவ வண்டியின் சிற்றுருவம். 1:35, 1:48, 1:72 ஆகிய அளவுகளில், பெரும்பாலும் பிளாஸ்ரிக்கில் அல்லது ரெசினில் செய்யப்படும். பாகங்களை வெட்டி ஒட்டி வண்டியை நிறுத்தியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வெயில், மழை, எண்ணெய், தூசி, துரு எல்லாவற்றையும் தூரிகையால் அதன்மேல் ஏற்றவேண்டும். இந்தப் பழசாக்கும் வேலையை மாதிரி செய்பவர்கள் ‘வெதரிங்’ என்கிறார்கள். சேற்றிலும் எண்ணெயிலும் புரண்டே வாழ்நாளைக் கழித்த மீட்பு வண்டிக்கு அது மற்ற வண்டிகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கலையைப் பற்றிப் பேசுவதென்றால் ஆனையிறவில் தொடங்கவேண்டும். குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டில், ஏ9 வீதியோரம், இரும்புத் தகடுகளால் பெட்டிபோல மூடிய புல்டோசர் ஒன்று நிற்கிறது. 1991 யூலை 10 அன்று தொடங்கி ஓகஸ்ட் 9 வரை நீண்ட முதலாவது ஆனையிறவுச் சமரில், இராணுவ முகாமை நோக்கி நகர்ந்த வண்டி அது. விடுதலைப் புலிகள் அந்தச் சமருக்கு ‘ஆகாய கடல் வெளிச் சமர்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு பனைகூட இல்லாத வெட்டைவெளியில் ஆட்களை முன்னே கொண்டுசெல்லத் தகடு போர்த்த புல்டோசர்களைப் பயன்படுத்தினார்கள். இலங்கை இராணுவத்தின் சிங்கப் படைப்பிரிவைச் சேர்ந்த கோப்ரல் காமினி குலரத்ன அந்த வண்டியில் ஏறிக் கைக்குண்டுகளால் அதை நிறுத்தினார். அவரும் அங்கேயே மாண்டார். இலங்கைப் படைகளின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்குத்தான். தகட்டுக்குப் பின்னால் இருந்து மாண்டவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. இன்று அந்த வண்டி இராணுவ நினைவிடத்தின் பகுதி. கொழும்பு பஸ்ஸில் போகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவர் பார்வையும் ஒரேமாதிரி இருப்பதில்லை.

கண்டிப்பாகப் பார்த்தால் புல்டோசர் பொறியியல் வண்டி. மீட்பு வண்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டுக்கும் ஒரே சங்கிலிச் சில்லு, ஒரே இழுவை வலு, ஒரே கராஜ் வாடை. 1944 யூன் 6 அன்று நோர்மண்டிக் கரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன. கவசமிட்ட கேட்டர்பில்லர் இழுவை இயந்திரங்கள் கரையைத் துப்புரவாக்க, சுடுகுழல் கோபுரத்தைக் கழற்றிவிட்டுப் படகின் முகப்புப்போல இரும்புக்கூடு பொருத்திய ஷேர்மன் தாங்கிகள் ஆழநீருக்குள் இறங்கி, மூழ்கிய லொறிகளை இழுத்தன. ‘பாவ்’ என்று சுருக்கப் பெயர் பெற்ற அந்தக் கரையோர மீட்பு வண்டி மாதிரி செய்வோருக்கு இன்றும் பிடித்தமானது. கடல்நீர் பட்ட இரும்பை வரைய அதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை.

மீட்பு என்பதைத் தனித் தொழிலாகப் படைகள் உணர்ந்தது வட ஆபிரிக்கப் பாலைவனத்தில். அங்கே சண்டை முடிந்த இரவில் யார் களத்தைப் பிடித்து வைத்திருந்தார்களோ, அவர்களே பழுதான தாங்கிகளை இழுத்துப்போய்த் திருத்தி, மறுவாரம் திரும்பக் களமிறக்கினார்கள். ஜேர்மனியர் அதில் முந்திக்கொண்டனர். பிரித்தானியா 1942 ஒக்ரோபர் 1 அன்று ‘ரீமி’ எனப்படும் மின், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவை உருவாக்கியது. அமெரிக்கர் 1943இல் ஷேர்மன் அடிச்சட்டத்தின்மேல் எம்32 வண்டியைக் கட்டினர். அதன் வின்ச் 60,000 இறாத்தல், அதாவது 27 தொன், இழுக்கவல்லது. ஜேர்மனியரின் 18 தொன் ‘ஃபாமோ’ அரைச்சங்கிலி வண்டியோ, 57 தொன் எடையுள்ள டைகர் தாங்கி ஒன்றை நகர்த்த மூன்றாகச் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான், பந்தர் தாங்கியின் உடலிலேயே கட்டப்பட்ட ‘பேர்கபந்தர்’.

மாதிரி உலகம் இந்த வண்டிகளிடம் வந்துசேரக் காலம் எடுத்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் பந்தர் தாங்கியைப் பிளாஸ்ரிக்கில் வெளியிட்டது. மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காக அளந்து பார்த்தபோது வந்த அளவு 1:35. ஒரு பற்றரிப் பெட்டியின் அகலத்திலிருந்து பிறந்த அந்த எண்ணே இன்று இராணுவ மாதிரிகளின் பொது அளவு. ஆனால் கடைக்குப் போன சிறுவர்கள் கேட்டது பீரங்கி வைத்த வண்டியை. கிறேன் வைத்த வண்டியை யார் கேட்பார்கள்? பிரித்தானியாவின் எயர்பிக்ஸ் சிறிய அளவில் விமானப்படை மீட்புத் தொகுதியையும், ஸ்கமெல் தாங்கிக் காவியையும் செய்தது. இத்தாலியின் இத்தலேரி எம்32ஐயும் பேர்கபந்தரையும் 1:35இல் கொண்டுவந்தது. 1997இல் தமியா, ‘ட்ராகன் வாகன்’ எனப்பட்ட எம்26 இழுவை வண்டியை அதன் நீண்ட இழுபெட்டியோடு வெளியிட்டபோதுதான், பின்களத்து வண்டிக்கும் மேசையின் நடுவில் இடம் உண்டு என்று பலர் ஒத்துக்கொண்டனர். அதன் பிறகு தாகோமின் எம்31, தண்டர் மொடலின் ஸ்கமெல் பயோனியர், மிரர் மொடல்ஸின் டயமண்ட் ரி என்று வரிசை நீண்டது. சீனாவின் மெங் நிறுவனம் வெளியிட்ட டி9ஆர் கவச புல்டோசர், ஆனையிறவு வண்டியை நினைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒரு முன்மாதிரி.

பழசாக்கும் கலைக்குத் தனி வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்கரான ஷெப் பெயின், மொனோகிராம் நிறுவனத்தின் கிற்களோடு வந்த சிறு கைத்தாள்களில், வண்டியை ஒரு காட்சிக்குள் நிறுத்துவது எப்படி என்று காட்டினார். அடுத்து பெல்ஜியரான பிரான்சுவா வெர்லிண்டன் வந்தார். கரும்பழுப்பு மையை நீர்க்க ஓடவிட்டு மூலைகளை இருட்டாக்குவதும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வெளிறவைப்பதும் அவர் வழியாக உலகமெங்கும் பரவின. 2000க்குப் பின் ஸ்பானியர்களின் காலம். மிகெல் ஹிமெனெஸ் போன்றோர் நிறத்தூள்களையும், தேய்வுக்கென்றே செய்த திரவங்களையும் புட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கினர். முன்பு பென்சில் கரியையும் சோக்குக்கட்டித் தூளையும் நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் புட்டி வந்ததோடு ஒரு நோயும் வந்தது. எந்த வண்டியானாலும் ஒரே செம்மண்ணிறத் துரு, ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில். ஏன் அந்த இடத்தில் துரு என்ற கேள்வி காணாமற் போயிற்று.

அந்தக் கேள்விக்கு ஆனையிறவு பதில் சொல்லும். இரும்பு, ஒட்சிசன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. அதோடு உப்பு சேர்ந்தால் துரு ஓடத் தொடங்கும். குளோரைட் அயன்கள் இரும்பின்மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உடைக்கின்றன. காற்றிலிருந்து உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவுக் களப்பு வற்றி, தரையில் வெள்ளை பூக்கும். காற்றில் நாக்கை நீட்டினால் கரிக்கும். அதே இரும்பு மூளாய்க் கிணற்றடியில் கிடந்திருந்தால் வேறு நிறத்தில் இருந்திருக்கும். புதுத் துரு செம்மஞ்சள், பழந்துரு கரும்பழுப்பு, ஏடேடாகப் பெயர்ந்த இடத்தில் இரண்டும் அடுக்கடுக்காகத் தெரியும். தண்ணீர் தேங்கும் மூலை, காய்ச்சி ஒட்டிய மூட்டு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கு ஆகிய இடங்களிலிருந்துதான் துரு புறப்படும். மழைநீர் அதைக் கீழ்நோக்கிக் கோடாக இழுக்கும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்தப் புட்டியும் தேவையில்லை.

உப்பாலேயே துருவை வரையும் முறை ஒன்று இருப்பது இந்தக் கலையின் அழகுகளில் ஒன்று. முதலில் மாதிரியின்மேல் துரு நிறங்களைப் பூசிக் காயவிடுவார்கள். பிறகு தண்ணீர் தொட்டு, தேவையான இடத்தில் உப்பைத் தூவுவார்கள். அது காய்ந்து ஒட்டியதும் மேலே இராணுவப் பச்சை. அதுவும் காய்ந்தபின் கெட்டித் தூரிகையால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பச்சை பெயர்ந்து துரு எட்டிப்பார்க்கும். இங்கே அளவு முக்கியம். மூன்று மில்லிமீற்றர் கல்லுப்பு ஒன்று 1:35இல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட காயம், உள்ளங்கை அகலம். அம்மியில் அரைத்துச் சலித்த தூளுப்புத்தான் ஒரு சென்ரிமீற்றர் பெயர்வைத் தரும். முடிவில் நல்ல தண்ணீரால் கழுவி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சிய உப்பு ஈரம் குடித்து, வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகப் படரும். உப்புக்குப் பதிலாக, துரு நிறத்தின்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பூசி, அதன்மேல் பச்சையடித்து, ஈரத் தூரிகையால் சுரண்டுவது பின்னாளில் வந்த முறை. சிறு கீறல்களுக்கு அது நல்லது. கடற்கரை இரும்பின் பொத்தல்களுக்கு உப்பை விஞ்சியது இல்லை.

துருவைவிடத் தூசியில் தவறு விடுபவர்கள் அதிகம். குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் படுக்கை. அதன்மேல் இடத்துக்கிடம் மண் மாறும். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் இரத்தச் சிவப்பு. மணற்காட்டிலும் வல்லிபுரத்திலும் வெள்ளை மணல். களப்போரத்தில் சாம்பல் நிறச் சேறு. காய்ந்தால் விளிம்பில் உப்புக் கோடு. செம்மண் மழையில் கரைந்து வண்டியின் அடிப்பாகத்தில் கறையாகப் பிடிக்கும், மணல் உதிர்ந்துவிடும், களப்புச் சேறு பாளம்பாளமாக வெடிக்கும். வலிகாமத்துச் செம்மண்ணைப் பூசி ஆனையிறவு என்று பெயர் எழுதினால், பஸ்ஸில் போய்வரும் பள்ளிப் பிள்ளை பிழை பிடித்துவிடும்.

மீட்பு வண்டிக்கே உரிய அடையாளங்கள் வேறு. கொளுக்கியின் உட்புறமும் சங்கிலிக் கண்ணிகள் உராயும் இடமும் துருப்பிடிக்காமல் வெள்ளிபோல மினுங்கும். வின்ச் கம்பிவடம் கிறீஸில் ஊறிக் கறுத்திருக்கும். அதை நூலால் செய்தால் இழை பிரிந்து காட்டிக்கொடுக்கும், மெல்லிய செப்புக்கம்பிகளை முறுக்கினால் சரியாக வரும். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி வழிந்த ஈரம், அதன்மேல் ஒட்டிய தூசி, மிதித்து மிதித்துப் பெயின்ற் போன படிக்கட்டு, அண்டைகொடுக்கும் மரக்குற்றிகளில் பதிந்த இரும்பின் தடம். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது. பீரங்கி வண்டியின் மாதிரி வெற்றியைப் பேசலாம். மீட்பு வண்டியின் மாதிரியில் தெரிவது உழைப்பு.

அந்த உழைப்பைக் குடாநாடு அறியும். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வராதபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பால்மா ரின்னும் பனங்காயும் வண்டியாயின. கிடைத்ததை வெட்டி, வளைத்து, பொருத்தி ஓடவைக்கும் அந்தக் கைப்பழக்கம்தான் மாதிரி செய்வோர் ‘ஸ்கிராச்’ என்று பெருமையாகச் சொல்லும் வேலை.

ஆனையிறவு புல்டோசரை மாதிரியாக்க நினைப்பவருக்கு அது கைகொடுக்கும். தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த வண்டியல்ல அது. கையால் வெட்டிப் பொருத்திய தகடுகள். ஓடும் பாகத்துக்குக் கிற் உதவும், கவசத்தைப் பிளாஸ்ரிக் தாளில் தானே வெட்டவேண்டும். பத்து மில்லிமீற்றர் தகட்டுக்கு 1:35இல் 0.3 மில்லிமீற்றர் தாள். காய்ச்சி ஒட்டிய தழும்புக்கு, சூட்டில் இழுத்த பிளாஸ்ரிக் இழையைப் பசையில் இளகவைத்து, கத்தி நுனியால் குத்திக் குத்தி வரி போடவேண்டும். மூலைகள் மட்டமாக இருந்தால் பிழை. அவசரத்தில் வெட்டிய விளிம்பு அவசரமாகவே தெரியவேண்டும்.

தூரிகையைத் தொடுமுன் ஆண்டைத் தீர்மானிக்கவேண்டும். இன்று வீதியோரம் நிற்கும் வண்டியைச் செய்வதானால், பல வாடை மழைகளும் பல சோளகங்களும் தின்ற இரும்பு, அதைக் காக்கப் பூசிய பூச்சு, சுற்றிலும் நினைவிடம். 1991 யூலையின் வண்டியைச் செய்வதானால் அந்தத் துருவில் பெரும்பகுதிக்கு இடமில்லை. அது அன்று புது வேலை. வெட்டிய விளிம்பில் சுவாலை பட்ட நீலம், ஒட்டிய தழும்பைச் சுற்றி எரிந்த கருமை, மேலே மெல்லிய செம்மஞ்சள் மூட்டம், சங்கிலிப் பற்களில் தேய்ந்த பளபளப்பு, முழங்கால் உயரத்துக்கு உப்பு மண்ணின் வெள்ளை.