நாளைக்குப் போறவர்

மழைக்காலத்தில் மெர்சிங் அடங்கிவிடும். தியோமான் தீவுக்குப் படகு ஓடாத அப்படி ஒரு நாள், ஜெமினியின் 1942ஆம் ஆண்டு 'நந்தனார்' படத்தைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். தண்டபாணி தேசிகர் சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கிறார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி சொன்னார்: "இவனுக்கு லீவு கெடைக்காதுடா."

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். பாட்டி சொன்னதுதான் கதை.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் நாயனாரைத் தடுக்கும் பண்ணையார் கிடையாது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தன் குலத்தை நினைத்து அவரே தயங்குகிறார். அந்த வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த இந்தப் பிராமணர் எழுதிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அதில் வரும் ஆண்டை. சேக்கிழாரிடம் நாயனாரின் மனதுக்குள் இருந்த தடை, பாரதியிடம் வயலில் கால் ஊன்றி நிற்கிறது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. புராணத்தை மீறுகிறது, இலக்கணப் பிழை வேறு என்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாரதி பாடக் கேட்ட பிறகே மனம் இளகினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

வேடமில்லை, திரையில்லை, ஒரு குரலே எல்லாப் பாத்திரங்களுமாக மாறும் கதாகாலட்சேபம் அது. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் இதற்குக் கொஞ்சம் நெருக்கமான வடிவம் கன்டாட்டா. வெனிஸ் நகரத்து பார்பரா ஸ்ட்ரோஸ்ஸி ஒரு ஆப்பராகூட எழுதாமல், இப்படி அறையில் பாடும் பாட்டுகளிலேயே நாடகத்தை வைத்தவர். பாரதியும் மேடை நாடகம் எழுதியவரல்ல. ஆனால் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் கதாகாலட்சேபம், நாடக மேடை, சினிமா என்று நந்தன் நடந்துகொண்டே இருந்தான். 1935இல் 'பக்த நந்தனா'ராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

இன்றைக்குக் கச்சேரியில் பாரதியின் மாஞ்சி ராகப் பாட்டைக் கேட்டு உருகுகிறோம். பாட்டு மட்டும் தனியாக வந்துவிட்டது. ஆண்டையும் நாற்பது வேலியும் சபாவுக்குள் வரவில்லை. உருகுவது நமக்குச் சுலபமாகிவிட்டது.

பாரதிமேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆண்டையின் கொடுமையைக் கண்டுகொண்டவர், விடுதலையைச் சாமி கையில் விட்டுவிட்டார். ஒரே ராத்திரியில் வயல்வேலை முடிந்துவிடுகிறது. கடைசியில் நந்தன் தீயில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

படம் முடிந்ததும் பாட்டி தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். "அடுத்த வருசம் ஊருக்குப் போவணும்னு வருசா வருசம் சொல்வாரு. தொரை லீவு குடுத்தா காசு இருக்காது. காசு இருந்தா லீவு இருக்காது."

"கடைசியில போனாரா பாட்டி?"

"எங்க போனாரு... மரம் சீவ ராத்திரியில சாமியா வந்துச்சு?"