கல்லும் உப்பும் கடல்நுரையும்: குதிக்காலுக்கும் ஒரு வரலாறு

யூடியூப்பில் "பித்தவெடிப்பு" எண்டு தேடினால் வந்து விழுகிற காணொளிகள் எல்லாத்திலயும் கிட்டத்தட்ட ஒரே சாமான்கள்தான்: இளஞ்சூட்டுத் தண்ணீர், உப்பு, மஞ்சள், தேசிக்காய், சீனி, தேங்காயெண்ணெய். ஒரு பேசின், தேய்க்க ஒரு கல். "நச்சுரல் ஃபுட் ஸ்க்ரப்" என்று பெயர் வைத்தவுடன் அது புதுசு மாதிரித் தெரிகிறது. ஆனால் குதிக்காலைத் தேய்க்கிற வேலை மிகப் பழையது. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் அழகுக் குறிப்புகளை விட, யார் வெறுங்காலோடு நடந்தார்கள் என்ற கேள்விதான் அடிக்கடி குறுக்கே வருகிறது.

முதலில் ஒரு துறவிமடக் கதை. பௌத்த துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பிடகத்தில், சுல்லவக்கம் என்ற பகுதியில், விசாகை என்ற செல்வந்தப் பெண் புத்தருக்கு மூன்று பொருட்கள் கொண்டு வருகிறார்: ஒரு குடம், ஒரு கால் தேய்ப்பான், ஒரு துடைப்பம். புத்தர் குடத்தையும் துடைப்பத்தையும் ஏற்கிறார். கால் தேய்ப்பானை ஏற்கவில்லை. அது தாமரைப் பொகுட்டு வடிவில், முள் முள்ளாக எழுப்பிச் செய்த பொருள் என்றும், ஆடம்பரம் என்பதால் விலக்கப்பட்டது என்றும் உரைகாரர் விளக்குகிறார்கள். அதுக்குப் பதிலாகத் துறவிகளுக்கு அனுமதிக்கப்பட்டவை மூன்று: பரல்கல், உடைந்த ஓட்டுத்துண்டு, கடல்நுரை. கடல்நுரை என்பதைச் சிலர் நுரைக்கல் என்று மொழிபெயர்க்கிறார்கள். எங்கட நாட்டு மருந்துக் கடைகளில் அதே பெயரில் விற்பது கணவாய் ஓடு.

எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்றுதான். வெறுங்காலோடு நடக்கிறவருக்குக் கால் வெடிக்கும், தேய்க்கத்தான் வேணும் என்பதை அந்த விதி மறுக்கவில்லை. அலங்காரத்தைத் தள்ளிவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற மூன்று பொருளைக் கையில் கொடுக்கிறது. இந்த நூல்கள் பொது ஆண்டுக்கு முன் 1ஆம் நூற்றாண்டில் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு.

அதே மாத்தளைக்கு, 19ஆம் நூற்றாண்டில் வேறு கால்கள் வந்து சேர்ந்தன. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியால் நடந்து மாத்தளைப் பக்கம் வந்தார்கள். பசி, கொலரா, காய்ச்சல் என்று வழியிலேயே பலர் செத்துப் போனார்கள். மிஞ்சியவர்கள் வெறுங்காலோடயே மலையில் வேலைக்கு இறங்கினார்கள்.

அந்த வெறுங்கால் வழியாகத்தான் கொக்கிப்புழு உடம்புக்குள் போனது. மலசலகூடம் இல்லாத லயன்களைச் சுற்றி ஈர மண்ணில் வளரும் புழுக்குஞ்சுகள் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும்; பிறகு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும்; ஆள் சோர்ந்து வெளிறிப் போவார். தோல் வழியாகவும் இந்தப் புழு நுழையும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தில் வேலை செய்த ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கண்டுபிடித்தார். புழுக்குஞ்சு இருந்த நீர் தன் கையில் சிந்தியதில்தான் அவருக்கு விசயம் பிடிபட்டது.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அந்தக் காலத்துச் சிகிச்சையில் எங்களுக்குப் பழக்கமான இரண்டு பொருட்கள் வருகின்றன. ஒன்று தைமோல், எங்கட ஓமத்தில் இருக்கிற அதே சத்து. மற்றது எப்சம் உப்பு. புழுமருந்து கொடுத்த பிறகு வயிற்றைக் கழுவ எப்சம் உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். இப்ப அதே உப்பு, கால் ஊறவைக்கிற தண்ணீரில் போடச் சொல்லி வாசனையோடு பைக்கற்றில் வருகிறது.

மருந்து வேலை செய்தது. ஆனால் மருந்து குடித்தவர் திரும்ப அதே மண்ணில்தான் வெறுங்காலோடு நடந்தார். புழு திரும்ப வந்தது. மலசலகூடம் கட்டுவது செலவு என்று பல துரைமார் இழுத்தடித்தார்கள். நோய் "கூலிகளோடு" இந்தியாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

மலையகத்தைப் பற்றி இப்படிப் பேசிவிட்டு யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக ஏலாது. இங்கே 20ஆம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் செருப்புப் போடவும், தோளில் சால்வை போடவும் தடை இருந்தது. தோட்டங்களில் செருப்பு வாங்கக் காசில்லை. இங்கே காசிருந்தாலும் போட விடவில்லை. கிணற்றில் தாங்களாக அள்ளவும் முடியாது. அள்ளி ஊற்ற யாராவது வரும்வரை காத்து நிற்க வேணும். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் "தண்ணீர்" என்றே பெயர் வைத்தார். கால் ஊறவைப்பதற்கு முதலில் வேண்டியது தண்ணீர் என்பதை நாங்கள் இலேசாக மறந்துவிடுகிறோம்.

சரி, பேசினை எடுப்போம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அதனால்தான் அது சீக்கிரம் காய்ந்து, தடித்து, உடம்புப் பாரத்தில் வெடிக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிசம் வைத்தால் தடித்த தோல் இளகும். கல்லாலோ பொச்சாலோ மெதுவாகத் தேய்த்து, ஈரத்தை ஒற்றி எடுத்தவுடனே எண்ணெய் பூசினால் உள்ளே போன ஈரம் நிற்கும். எந்த எண்ணெயும் பரவாயில்லை. வெடிப்பில் இரத்தம் தெரிந்தால் தேசிக்காயும் உப்பும் வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் சுடுதண்ணியும் கல்லும் ஆபத்து. காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடும் தெரியாது, காயமும் தெரியாது.

இதில் பெரும்பாலானவற்றை எங்கள் அம்மம்மாமார் கிணற்றடியில் செய்து வந்தார்கள். துணி தோய்க்கிற கல்லிலேயே குதிக்காலை உரசி, படுக்கமுதல் வேப்பெண்ணெய் பூசுவார்கள். நாள் முழுக்க நின்ற காலுக்கு அது வேலையின் கடைசிப் பகுதி.

நாங்களும் உப்புத் தண்ணீரில் கால் வைக்கிறோம், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கொழுந்து கொய்கிற பெண்கள் பலர் இன்றைக்கும் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரமும் உப்பும் பூசிக்கொண்டுதான் மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல சோடிச் சப்பாத்தை யார் கொடுக்க வேணும் என்ற கேள்வி 1916இலேயே கேட்டிருக்க வேண்டியது. அதை இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.