வற்றாத கடல் என்றார்கள்

தவக்காலத்துச் சுத்தபோசன நாட்களில் போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய கத்தோலிக்க நாடுகளின் உணவு மேசையில் பல நூற்றாண்டுகளாக முதலிடம் பெற்றது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நமக்கு அதன் ஈரல் எண்ணெய்தான் பழக்கம். ஐரோப்பியரின் நோன்புக்கு மீன் அளித்த அந்தக் கடலின் கதையை நாம் அறிந்திருப்பது நல்லது.

கனடாவின் கிழக்கே, நியூஃபவுண்ட்லாந்துத் தீவை அடுத்து, ஆழம் குறைந்த கண்டத்திட்டு பரந்து கிடக்கிறது. லாப்ரடார் குளிர் நீரோட்டமும் வளைகுடா வெப்ப நீரோட்டமும் அங்கே கலக்கின்றன. நுண்ணுயிர்கள் செழிக்க, அவற்றை உண்ணும் சிறு மீன்களும், அவற்றை விழுங்கும் காட் மீனும் பெருகின. 1497இல் ஜான் கபோட் அங்குச் சென்று திரும்பியபோது, கல் கட்டிய கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற செய்தி பரவியது. 1883இல் கூட, இத்தகைய பெரும் மீன்வளங்கள் வற்றாதவை என்று அறிஞர் ஹக்ஸ்லி இலண்டனில் கூறினார்.

1954இல் 'ஃபேர்ட்ரை' என்னும் பிரிட்டிஷ் கப்பல் வந்தது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் மிதக்கும் ஆலை அது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. இழுவைமடிகள் இரவும் பகலும் கடலடியைச் சுரண்டின. 1968இல் மட்டும் வடபகுதிக் காட் மீன் எட்டு இலட்சம் டன்னுக்குமேல் பிடிபட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லை வகுத்து அயலாரை அப்பால் நிறுத்தியது. ஆனால் அவர்கள் விட்ட இடத்தைத் தன் சொந்த இழுவைக் கப்பல்களால் நிரப்பிக்கொண்டது!

கரையோரச் சிறு மீனவர்கள், மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று 1980களில் முறையிட்டனர். அரசின் மதிப்பீடோ பெரிய கப்பல்களின் பிடியையும் பெரிதும் நம்பியிருந்தது. எஞ்சிய கூட்டங்களை ஒலிக்கருவியால் தேடிக் கண்டுபிடிக்கும் கப்பலுக்குக் கடைசிவரை மீன் கிடைக்கத்தானே செய்யும்? அதையே வளம் என்று கணக்கிட்டார்கள். வாழ்நாள் முழுதும் கடலைப் பார்த்தவனின் சொல் கணக்கில் ஏறவில்லை.

1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பிழந்தனர். கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததே காரணம் என்போரும் உண்டு. குளிர் முன்பும் வந்ததுண்டு. தாங்கும் வலிமை அப்போது மீன்கூட்டத்துக்கு இருந்தது என்பதே நம் கருத்து. காட் மறைந்த இடத்தில் இறாலும் நண்டும் பெருகின. அவற்றால் சிலர் செழித்தனர், பலர் ஊரைவிட்டே சென்றனர்.

இரண்டாண்டுக்கென்ற தடை, கரையோரச் சிறு பிடிப்புகள் நீங்கலாக, 32 ஆண்டுகள் நீடித்தது. 2024 ஜூனில் அரசு அதை நீக்கி, அவ்வாண்டுக்கு 18,000 டன் என்று வரம்பிட்டது. 1968இல் பிடித்ததில் அது நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. அதிலும் இழுவைக் கப்பல்களுக்கு இடம் தரப்பட்டது. கரையோர மீனவர் சங்கம் உடனே எதிர்ப்புத் தெரிவித்தது.