மூன்று வரிக் கட்டளை

கொச்சி என்றதும் மட்டாஞ்சேரியின் மிளகு மண்டிகளும், யூதத் தெருவும், கடலோரத்துச் சீன வலைகளும் நம் நினைவில் எழுகின்றன. தமிழர்களாகிய நமக்கு அங்கே வேறோர் உறவும் உண்டு. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் குடியேறிய தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் சலவைத் துறை ஒன்றை நடத்தி வருகின்றனர். ஊறவைத்தல், துவைத்தல், கஞ்சியிடுதல், உலர்த்துதல், தேய்த்தல் என்று அங்கே வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. இடையில் ஒன்று தவறினால் துணி மறுபடியும் கல்லுக்குத்தான் போக வேண்டும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இத்தகைய வரிசை ஒன்று உண்டு. எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும், சோதிக்க வேண்டும், பதிப்பு எண் இட வேண்டும், உரிமக் குறிப்பைச் சேர்க்க வேண்டும், பொதியாகக் கட்டி வெளியிட வேண்டும். முதன்முறை செய்யும்போது இதில் ஆர்வம் இருக்கும். நூறாவது முறை கை தவறும். ஆகவே இவ்வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்க அறிஞர்கள் முற்பட்டனர்.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இம்முயற்சி உருப்பெற்றது. ஸ்டீவ் ஜான்சன் என்பார் தம் நிரலில் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் செலவிட்டார். பிழையோ முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய பகுதியை மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான். இக்கதையைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் மீண்டும் கட்டும் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். அதன் கட்டளை வரிகள் 'டாப்' என்னும் வெற்றிடக் குறியுடன்தான் தொடங்க வேண்டும் என்பது பலரையும் அலைக்கழித்த விதி. அதை மாற்ற அவர் எண்ணினாராம். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டபடியால், அவர்களுக்குத் தொல்லை தரலாகாது என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய இரக்கத்தின் பலனை உலகம் இன்றும் அனுபவித்து வருகிறது!

இவ்வரலாற்றின் அடுத்த படியை டெபியன் அமைப்பில் காணலாம். 1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் இயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கிவைத்த, தன்னார்வலர்களின் கூட்டு முயற்சி அது. ஊதியமின்றி, வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் முகம் பாராமலே பணியாற்றுவோர் பலர். இவர்கள் எல்லோரும் ஒரே முறையில் பொதி கட்ட வேண்டுமே! வெளியீட்டு வேலை எவ்வளவு எளிதில் பிசகும் என்பதை 1995 டிசம்பரில் அவர்கள் கண்டனர். குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, முற்றுப்பெறாத பதிப்பை '1.0' என்ற பெயரிலேயே வெளியிட்டுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க டெபியன் அந்த எண்ணையே கைவிட்டது. 1996 ஜூனில் 474 பொதிகளுடன் வந்த முறையான பதிப்பு 1.1 என்றே எண்ணிடப்பட்டது.

1997இல் ஜோயி ஹெஸ் என்பார் 'டெப்ஹெல்ப்பர்' என்னும் கருவித் தொகுப்பைத் தந்தார். முன்னர் ஒவ்வொருவரும் நீண்ட கட்டளைக் கோப்பைத் தாமே எழுத வேண்டியிருந்தது. 2008இல் வந்த இதன் ஏழாம் பதிப்புக்குப் பின், பல பொதிகளுக்கு மூன்றே வரி போதுமென்றாயிற்று. அம்மூன்றில் முதல் வரி ஃபெல்ட்மனின் 'மேக்'கைத்தான் அழைக்கிறது என்பது நமக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது. பல்வேறு சில்லு வகைகளுக்கும் பொதிகளைத் தாமே கட்டும் இயந்திரங்களும் அமைந்தன. 2000ஆம் ஆண்டின் இறுதி முதல் 'பிரிட்னி' என்னும் நிரல், குறிப்பிட்ட நாள்கள் வரை பெரும் பிழை எதுவும் புகாராக வராத பொதிகளைத் தேர்ந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பி வருகிறது. 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. மனிதக் கை ஒன்றையே நம்பியிருந்தால் இது ஆகும் காரியமா?

மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. டெபியனை நிறுவும் நிரல் தமிழிலும் உரையாடும். ஆங்கில மூல வாக்கியம் ஒன்று மாறினால், பழைய மொழிபெயர்ப்புக்கு 'ஐயத்துக்குரியது' என்னும் அடையாளத்தைக் கருவியே இட்டுவிடுகிறது. நாம் அதை மட்டும் பார்த்தால் போதும். அலுவலகச் சுற்றறிக்கைகளுக்கும் இப்படியொரு வசதி இருந்தால் நம் கண்கள் சற்று இளைப்பாறும்.

அதே 2023இல், செப்டம்பர் 10 முதல் 17 வரை, டெபியனின் ஆண்டுப் பேரவை கொச்சியில் கூடியது. 35 நாடுகளிலிருந்து அன்பர்கள் வந்திருந்தனர். டெபியனின் வழிவந்த இயங்குதளத்திலேயே கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறி கற்கின்றனர் என்பதால், கூட்டம் அங்கே நிகழ்ந்தது பொருத்தமே.

ஆனால் ஓராண்டு நிறைவதற்குள் ஒரு பேரிடர் நெருங்கி வந்தது. 'எக்ஸ் இஸட்' என்னும் சுருக்கும் கருவியின் பராமரிப்பில் ஈராண்டுக்கு மேல் உதவி, நம்பிக்கை பெற்ற ஒருவர், அதில் கள்ளக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். அதைத் திறக்கும் சாவி எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும், ஒருவரும் படிக்காத தானியங்கிக் கட்டளைக் கோப்பில் இருந்தது. அலுப்பான வேலை என்று நாம் இயந்திரத்திடம் விட்ட இடத்தையே அவர் தேர்ந்தெடுத்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் ஆராய்ந்து, 2024 மார்ச் 29ஆம் நாள் உண்மையை வெளியிட்டார். நிலைப் பதிப்பு தப்பியது.

டெபியனார் உடனே பழைய பதிப்பை மீட்டனர். ஆனால் எண் குறைந்தால் தானியங்கி அதைப் புதியதாக ஏற்காது. ஆகையால் அப்பொதிக்கு அவர்கள் இட்ட எண்ணைத் தமிழில் சொல்வதானால் இதுதான்: '5.6.1, உண்மையில் 5.4.5'.