மருத்துவப் பணியாளர்களுக்கான சக பணியாளர் ஆதரவு

சிகிச்சையில் இருந்த குழந்தையின் எதிர்பாராத மரணம், மருந்தின் அளவில் நேர்ந்த பிழை, பணியிடத்தில் நிகழும் தாக்குதல் போன்றவை நோயாளியின் குடும்பத்தினரை மட்டுமன்றி, சிகிச்சை அளித்த மருத்துவரையும் செவிலியரையும் ஆழமாகப் பாதிக்கின்றன. பிழை நேர்ந்த சூழலில் துயருறும் மருத்துவரை, அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டில் 'இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்' எனக் குறிப்பிட்டார். பிழையால் உறவினரை இழந்த குடும்பத்தினர் சிலர் இச்சொல்லை ஏற்பதில்லை. அவர்களது மறுப்பு நியாயமானதே. எனினும் அச்சொல் சுட்டும் துயரம் மெய்யானது.

பாதிப்பு எவ்வாறு வெளிப்படும்?

உறக்கமின்மை, படபடப்பு, நிகழ்வு மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுதல், குற்றவுணர்வு, தமது திறமை மீதே ஐயம் ஆகியன ஏற்படலாம். அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்காட் குழுவினர் 31 பணியாளர்களை நேர்காணல் செய்து, 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு கட்டங்களை இனங்கண்டனர். இறுதிக் கட்டத்தில் சிலர் பணியிலிருந்தோ பிரிவிலிருந்தோ விலகுகின்றனர். சிலர் மனச்சுமையுடனேயே பணியைத் தொடர்கின்றனர். சிலர் அந்நிகழ்விலிருந்து கற்று மேம்படுகின்றனர்.

சக பணியாளர் ஏன்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணியை அறிந்தவரிடம் நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011இல் தொடங்கப்பட்ட 'ரைஸ்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் தன்னார்வத்துடன் இவ்வுதவியை அளிக்கின்றனர். உரையாடல் இரகசியமாகக் காக்கப்படுகிறது. பிழை குறித்த விசாரணையுடன் அதற்குத் தொடர்பில்லை. ஆதரவுத் திட்டம் தொடங்கும் எந்த மருத்துவமனையும் இவ்விரண்டையும் முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பேசியது மேலதிகாரியின் கோப்பைச் சென்றடையும் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் வாய்திறக்க மாட்டார்.

எவ்வாறு பேசுவது?

"எப்படி நேர்ந்தது?" எனத் துருவாமல், "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என வினவலாம். அறிவுரையைவிடப் பொறுமையாகச் செவிமடுத்தலே முதன்மையானது. "இத்தொழிலில் இதெல்லாம் சகஜம்" என்பது ஆறுதலாகத் தோன்றினும், மேலும் பேச விரும்பியவரை மௌனமாக்கிவிடும். நிகழ்வை முழுமையாக விவரிக்குமாறு வற்புறுத்தக் கூடாது. ஒரே அமர்வில் அனைத்தையும் பேசவைக்கும் முறை பிற்கால மனவதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. அன்றைய பணியிலிருந்து சற்று ஓய்வு பெறவும், பாதுகாப்பாக வீடு சேரவும் உதவுவதும் ஆதரவே.

மனநல மருத்துவரை எப்போது நாடுவது?

சக பணியாளர் ஆதரவு சிகிச்சைக்கு மாற்றன்று. அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, மது அல்லது உறக்க மாத்திரைகளை நாடும் நிலை ஏற்பட்டாலோ மனநல மருத்துவரை அணுக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் சிறிதும் தாமதித்தல் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். இந்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.